பாங்கூவை விட்டுவிடாதீர்கள்: பிரேசில் கால்பந்து பற்றித் தமிழில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விளையாட்டுப் பத்திரிகையாளர்களுக்கும் வர்ணனையாளர்களுக்கும்,

வணக்கம். உலகக் கோப்பை நெருங்கும்போதெல்லாம் பிரேசில் கால்பந்தின் வரலாறு நம் இதழ்களில் பெரும்பாலும் ஒரே தடத்தில் சொல்லப்படுகிறது. 1894-இல் சார்லஸ் மில்லர் இங்கிலாந்திலிருந்து பந்துடன் சாவ் பாவுலோவுக்குத் திரும்புகிறார். அடுத்த பத்தியிலேயே 1958-ஆம் ஆண்டும் பெலேயும் வந்துவிடுகிறார்கள். யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்று இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த கசப்பான தகராறு அப்படியே விடுபட்டுப் போகிறது. அந்தத் தகராறைப் புரிந்துகொள்ள, ரியோ டி ஜெனிரோவின் மேற்குப் பகுதியிலுள்ள பாங்கூ என்னும் சிறிய கிளப்பின் கதையிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

பாங்கூ ஒரு துணி ஆலையின் பிள்ளை. அங்கே வேலைக்கு வந்திருந்த பிரிட்டன் தொழில்நுட்பப் பணியாளர்கள் 1904 ஏப்ரல் 17 அன்று அதைத் தொடங்கினார்கள். நகரத்தின் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் ஃபுளுமினென்சே போன்ற கிளப்புகளில் கூடி ஆடிய காலம் அது. நகர மையத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த ஆலைக் குடியிருப்பிலோ ஆட்களைத் தேடித்தான் அணி சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே தறியில் நின்றவர்களும் களத்தில் இறங்கினார்கள். இதைப் பெருந்தன்மை என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். தேவையும் அதில் கலந்திருந்தது.

அப்படி வந்தவர்தான் நெசவாளியான பிரான்சிஸ்கோ கரெகல். வெள்ளைத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்த அவர், 1905 மே 14 அன்று ஃபுளுமினென்சேயை 5-3 என வென்ற பாங்கூ அணியில் ஆடினார். பிரேசிலின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர்தானா என்ற கேள்வியில் எனக்கு அதிக ஆர்வமில்லை; கம்பினாஸ் நகரத்துப் பொன்டே பிரெடா கிளப்பும் அந்தப் பெருமைக்கு உரிமை கோருகிறது. முக்கியமானது 1907-இல் நடந்தது. நிறத்தவர்களை, அதாவது வெள்ளையரல்லாதவர்களை, அமெச்சூர் (ஊதியமின்றி ஆடும்) ஆட்டக்காரர்களாகப் பதிவு செய்வதில்லை என ரியோவின் லீக் நிர்வாகம் அவ்வாண்டு ஒருமனதாக முடிவெடுத்து, கிளப்புகளுக்கு எழுத்திலேயே தெரிவித்தது. பாங்கூ லீக்கை விட்டு வெளியேறியது.

இத்துடன் நிறுத்தினால் அழகான வீரக்கதை கிடைக்கும். அதனால்தான் அடுத்த பகுதியையும் சேர்த்து எழுதும்படி கேட்கிறேன். கறுப்பினத்தவரும் ஏழைத் தொழிலாளிகளும் நிறைந்த வாஸ்கோ ட காமா கிளப் 1923-இல் ரியோவின் பட்டத்தை வென்றதும், பெரிய கிளப்புகள் பிரிந்து சென்று 1924-இல் புதிய லீக்கை அமைத்தன. பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்கினால்தான் இடம் என்ற நிபந்தனையை மறுத்து, அவ்வாண்டு ஏப்ரலில் வாஸ்கோவின் தலைவர் எழுதிய கடிதம் இன்றும் கொண்டாடப்படுகிறது. நம்மவர்கள் சிலரும் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் புதிய லீக்கைத் தொடங்கிய ஐந்து கிளப்புகளில், ஃபிளமெங்கோ, ஃபுளுமினென்சே, பொட்டாஃபோகோ, அமெரிக்கா ஆகியவற்றோடு பாங்கூவும் இருந்தது. 1907-இல் வெளியேறிய அதே கிளப், பதினேழு ஆண்டுகள் கழித்துக் கதவை அடைத்தவர்களோடு உட்கார்ந்திருந்தது. இது பாங்கூவை இழிவுபடுத்தச் சொல்வதன்று. பெரியவர்களின் தயவின்றிப் போட்டிகளே கிடைக்காத சிறிய கிளப் எவ்வளவு தூரம் தனித்து நிற்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் அறியேன்.

களத்தில் கிடைத்த பெருமைகளும் குறைவல்ல. ரியோவில் தொழில்முறைக் கால்பந்து தொடங்கிய 1933-இல், இறுதியில் ஃபுளுமினென்சேயை 4-0 என வீழ்த்திப் பட்டம் வென்றது பாங்கூதான். பிரேசிலின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவரான டொமிங்கோஸ் ட கியா இங்குதான் தொடங்கினார். பின்னாளில் சாவ் பாவுலோவின் பால்மெய்ராஸ் கிளப்பின் அடையாளமாகவே ஆகிவிட்ட அவர் மகன் அடெமிரும் அப்படியே. 1966-இல் ரியோவின் மரகானா அரங்கில் ஃபிளமெங்கோவை 3-0 என வென்று கிடைத்த இரண்டாவது பட்டம், கைகலப்பால் ஆட்டம் பாதியில் நின்றதற்காகவும் நினைவுகூரப்படுகிறது. 1985-இல் தேசியப் பட்டத்தின் இறுதியாட்டம் வரை சென்று, கொரிட்டிபாவிடம் பெனால்டியில் 6-5 எனத் தோற்றது. அந்த உயரத்துக்கான பணத்தின் பெரும்பகுதி, விலங்குகளின் பெயர்களில் பணம் கட்டும் சட்டவிரோத ‘விலங்குச் சூதாட்ட’த்தின் பெரும்புள்ளியான காஸ்டர் டி அண்ட்ராடேயின் பையிலிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். 1993-இல் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது.

ஆலை இன்று வணிக வளாகமாகிவிட்டது. பாங்கூவும் தேசிய முதல்நிலைப் போட்டியில் இல்லை. எனவே தொலைக்காட்சி வழியாக அந்தப் பெயர் நம் வாசகரை எட்டப்போவதில்லை. நீங்கள் எழுதினால்தான் உண்டு. தனிக்கட்டுரை வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அடுத்த முறை வாஸ்கோவின் 1924 கடிதத்தைப் பற்றி எழுதும்போது, 1907-ஐயும், அந்த ஐந்து கிளப்புகளில் பாங்கூ இருந்ததையும் அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்