பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. விளையாட்டு விழாவும் ஆண்டு விழாவும் குறித்த நாளில் நடந்தன. கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். கவனமில்லாதவன் என்று பெயர் வாங்கியிருந்த ஒரு மாணவனுக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

காலை வாசிப்புத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்ற பொதுக்குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது; நான்தான் பிடிவாதமாக நின்றேன். எனவே நடந்ததைச் சொல்வது என் கடமை.

ஆண்டின் தொடக்கத்தில் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னோம். மதிப்பெண் கிடையாது. நான்காம் வகுப்பிலும் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தவர்கள், அதே சொற்களை இடம் மாற்றி எழுதிக் காட்டினால் திணறினார்கள். கேள்வி பதிலை மனப்பாடம் செய்தே தேறிவந்ததால் இது யார் கண்ணிலும் படவில்லை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை குறைவாக வாசிக்கிறது, குறைவாக வாசிப்பதால் சொல்வளம் வளர்வதில்லை, அதனால் மற்ற பாடங்களிலும் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது என்று கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் 1986-இல் எழுதினார். வாக்கியமாகக் கேட்கும் கணக்கில் நம் பிள்ளைகள் தவறுவது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்களுக்குக் கூட்டத் தெரியும். கேள்வியைத்தான் படிக்க முடியவில்லை.

ஆகவே தினமும் முதல் அரைமணி நேரம், எந்த வகுப்பு என்று பாராமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரித்தோம். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். “நாலாவது படிக்கிற பிள்ளை இரண்டாவது பிள்ளைகளோடு உட்காருவதா?” என்று சில பெற்றோர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அதனால்தான் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி வாசிக்கச் சொல்லிக் குழுக்களை மாற்றினோம். எந்தப் பிள்ளையும் ஆண்டு முழுக்க ஒரே குழுவில் இருக்கவில்லை.

வகுப்பில் எண்ணிக்கையைக் குறைப்பதே வழி என்று ஓர் உறுப்பினர் வாதிட்டார். அதில் உண்மை உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்த ஆய்வில், குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளில் படித்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஆனால் கூடுதல் ஆசிரியரை நியமிப்பது கழகத்தின் கையில் இல்லை. அரைமணி நேரம் ஆறு பேருக்கு ஒரு பெரியவரை உட்காரவைப்பது நம் கையில் இருந்தது.

அதற்குப் பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். கடைசிப் பருவத்தில் தவறாமல் வந்தவர்கள் 6 பேர். வேலை, உடல்நலம், வீட்டுச் சூழல் எல்லாம் எனக்கும் உண்டு. வர முடியாவிட்டால் முந்தைய நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு காலையில், வர வேண்டிய உறுப்பினர் வராததால், ஒரு சிறுமி நேற்று விட்ட பக்கத்தில் விரலை வைத்தபடி அரைமணி நேரமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை என்னால் மறக்க முடியவில்லை.

ஏட்டில் மதிப்பெண் போடுவதில்லை என்ற புகாருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கே தவறு, எப்படித் திருத்துவது என்று எழுதினால் பிள்ளை அதைப் படிக்கிறது. பக்கத்தில் எண்ணும் இருந்தால் எண்ணை மட்டும் பார்க்கிறது. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்விலும், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களே முன்னேறினார்கள்; மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தபோது அந்தப் பயன் போய்விட்டது. ஒவ்வொரு ஏட்டிலும் குறிப்பு எழுதுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்று ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று காலையிலேயே தொலைபேசியில் பேசுவதும் அவர்கள்தான்.

தேர்வு மதிப்பெண்கள் பெரிதாக ஏறிவிட்டன என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் ஒரு பத்தியைக் கடக்க முடியாதவர்களில் பெரும்பாலோர் இன்று தடையில்லாமல் வாசிக்கிறார்கள். ஐயமுள்ளவர்கள் எந்த நாளும் வந்து கேட்கலாம்.

வரவு செலவு தணிக்கை செய்யப்பட்டு, பொருளாளரிடம் பார்வைக்கு உள்ளது. வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல், கையிருப்பிலிருந்து ஈடுகட்டினோம். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா நிலுவை. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. பாடநூல் அல்லாத சிறு கதைப் புத்தகங்கள் இன்னும் இரண்டு தொகுதி வாங்க நினைத்து, நிலுவையால் நிறுத்திவைத்தோம்.

தலைவர், பொருளாளர், தலைமை ஆசிரியர், அந்த ஆறு உறுப்பினர்கள், காலையில் அறைகளை முன்கூட்டியே திறந்துவைத்த பணியாளர் அனைவருக்கும் நன்றி.

என் பொறுப்புக் காலம் இத்துடன் முடிகிறது. வேறொருவர் முன்வந்தால் ஏடுகளையும் குழுப் பட்டியல்களையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் திட்டத்தை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது; ஆனால் ஆறு பேரை வைத்து இன்னோர் ஆண்டை ஓட்ட முடியாது. ஒருவருக்கு வாரத்தில் ஒரு காலை போதும். வாசலருகே மேசையில் கிழமைவாரியாகத் தாள் வைத்திருக்கிறேன். திங்கள், வியாழன் இரண்டிலும் இன்னும் ஒரு பெயர்கூட இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்