சேமக்காலைச் சிரமதானம்: சனி காலை

அன்பிய உறவுகளுக்கு வணக்கம்.

நவம்பர் 2 இறந்த விசுவாசிகள் நினைவு நாள். அதற்குமுன் சேமக்காலையைத் துப்புரவாக்க வேண்டும். ஒக்டோபர் 25 சனி, காலை 6.30. வெயில் ஏறமுன் முடிப்போம்.

1. மண்வெட்டி, கத்தி, தும்புத்தடி, கடகம் கொண்டு வாருங்கள். மழைக்குப் புல் முழங்காலளவு நிற்கிறது.
2. கல்லறைக்கு வெள்ளை அடிப்பவர்கள் சுண்ணாம்பை முதல்நாளே ஊறவையுங்கள்.
3. பிளேன்ரீயும் பணிசும் எங்கள் வீட்டிலிருந்து.
4. பிள்ளைகள் கேட்டபடியால் சொல்கிறேன்: எங்கள் கறுவல் பூனை செத்துப்போனது. பாட்டுப் பயிற்சியில் ஆர்மோனியப் பெட்டிமேல் படுத்து, யாராவது சுருதி பிசகினால் ஒரு காதை மட்டும் திருப்பும் அதே ஆள்தான். மாமரத்தடியில் தாட்டாயிற்று. அதன் படம் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் வேண்டாம்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் போடுங்கள். பணிசு எண்ணி எடுக்க வேண்டும்.