சான் சேவியர் வாசலில் ரொட்டி பொரித்த பாட்டிக்கு

போன ஜூனில் அரிசோனாவின் டூசான் நகருக்குத் தெற்கே, பாலைவனத்தில் இருக்கும் சான் சேவியர் தெல் பாக் தேவாலயத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார் பெயரில், 1692-இல் கீனோ பாதிரியார் தொடங்கிய ஸ்பானிய மிஷன். இப்போதுள்ள வெள்ளைக் கட்டடம் 1783 முதல் 1797 வரை கட்டியது. ஒரு கோபுரம் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது. உள்ளே படுத்திருக்கும் சவேரியார் சொரூபத்தின் தலையை மெல்லத் தூக்கி வேண்டிக்கொள்வார்கள். அம்மாவும் தூக்கினார். வெளியே வந்ததும் வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் பாட்டில் காரில் கிடந்தது. என் புத்திசாலித்தனம்!

மரக்கிளை வேய்ந்த பந்தலில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்த தொஹோனோ ஓதாம் பழங்குடிப் பாட்டி, நீங்கள்தான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தீர்கள். அம்மாவை நிழலில் சாய்த்து, ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தீர்கள். வரிசையில் நின்றவர்கள் பேசாமல் காத்திருந்தார்கள்; அவர்களுக்கும் நன்றி.

அம்மா தெளிந்ததும், தேவாலய முகப்பில் எதிரெதிரே இருக்கும் பூனைச் சிற்பத்தையும் எலிச் சிற்பத்தையும் காட்டினீர்கள். பூனை எலியைப் பிடிக்கும் அன்றைக்கு உலகம் முடிந்துவிடுமாம். அம்மா அப்போதுதான் சிரித்தார்.

ரொட்டிக்கு மட்டும்தான் காசு வாங்கினீர்கள். உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், பாட்டி. அம்மா இன்னும் உங்களைப் பற்றிப் பேசுகிறார்.