முடிந்த ஆட்டத்தை ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாதியில் நின்ற சினிமாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், வெளிவராமலே கைவிடப்பட்ட வீடியோ கேம்களைப் பற்றி ஒரு வரி கூட வருவதில்லை.

2014 ஆகஸ்டில் சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் கருவிக்கு ‘பி.டி.’ என்று ஒரு சின்ன டெமோ, அதாவது ஆடிப் பார்க்கும் மாதிரி, இலவசமாக வந்தது. ‘எல்’ வடிவத்தில் ஒரு வீட்டு நடை, 23:59-லேயே நிற்கும் கடிகாரம், கடைசியில் ஒரு கதவு, அதைத் திறந்தால் மறுபடியும் அதே நடை, ஆனால் ஏதோ ஒன்று மாறியிருக்கும். அவ்வளவுதான், அதற்கே உடம்பு வேர்த்துவிடும். ஆடி முடித்த பிறகுதான், அது கேம் படைப்பாளி ஹிடியோ கோஜிமாவும் சினிமா இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோவும் சேர்ந்து செய்யும் ‘சைலன்ட் ஹில்ஸ்’ என்ற திகில் ஆட்டத்தின் முன்னோட்டம் என்றே தெரியும்.

2015 ஏப்ரலில், அந்த ஆட்டத்தை வெளியிடவிருந்த கோனாமி நிறுவனம் அதைக் கைவிட்டது. சரி, அவர்கள் பணம், அவர்கள் முடிவு. ஆனால் டெமோவையும் பிளேஸ்டேஷனின் இணையக் கடையிலிருந்து எடுத்து, ஏற்கெனவே இறக்கியவர்கள் தெரியாமல் அழித்துவிட்டால்கூட மறுபடி இறக்க முடியாதபடி செய்தார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் ‘ஸ்டார் ஃபாக்ஸ் 2’ ஆட்டம் 1995-லேயே கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. புதுக் கேம் கருவிகளின் முப்பரிமாண ஆட்டங்களுக்கு முன்னால் எடுபடாது என்று ஓரங்கட்டினார்கள். 2017-ல் ‘சூப்பர் என்இஎஸ் கிளாசிக்’ என்ற, பழைய ஆட்டங்கள் அடங்கிய சின்னக் கேம் பெட்டிக்குள் வைத்து அவர்களே வெளியிட்டார்கள். 22 வருடம் கழித்தும் மக்கள் ஆசையாக ஆடினார்கள். ‘பி.டி.’யையும் அப்படித் திருப்பிக் கொடுக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்