சனிக்கிழமை சிகாகோ சுத்தறோம், கொஞ்சம் படிச்சிட்டு வாங்க

மக்களே, காலைல 9 மணிக்கு மில்லினியம் பார்க்ல பீன்னு சொல்ற கண்ணாடி மாதிரி பளபளக்கற பெரிய ஸ்டீல் சிற்பத்துக்கு பக்கத்துல கூடுறோம். அதோட நிஜ பேரு கிளவுட் கேட், அனிஷ் கபூர் செஞ்சது, ஆனா ஊர்ல யாரும் அப்படி சொல்றதில்ல. அடியில போய் நின்னு அண்ணாந்து பாருங்க, நம்ம மூஞ்சியே ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்துக்கிட்டு தெரியும், பசங்கள அங்கேருந்து கிளப்புறதுதான் கஷ்டம்.

பக்கத்துலயே ஆர்ட் இன்ஸ்டிடியூட் மியூசியம், 1893ல விவேகானந்தர் பேசினது அந்த கட்டடத்துலதான், ராமநாதபுரம் சேதுபதியும் மெட்ராஸ் சீடர்களும் சேர்ந்து அனுப்பிவச்ச பயணம், அதனால ஒரு போட்டோவாவது எடுத்துக்கலாம்.

மதியம் ஆத்துல போட் டூர். இத மட்டும் மிஸ் பண்ணாதீங்க, மிச்சிகன் ஏரிக்கு போய்க்கிட்டிருந்த ஆத்த, சாக்கடை ஏரில இருக்கற குடிதண்ணில கலக்குதுன்னு 1900ல அப்படியே திருப்பி விட்டிருக்காங்க. வில்லிஸ் டவர் 103வது மாடி கண்ணாடி பெட்டி என் சாய்ஸ் இல்ல, போன தடவ கீழ பாத்துட்டு கம்பிய புடிச்சவன் விடவே இல்ல, தைரியம் இருக்கறவங்க டிக்கெட் முன்னாடியே போட்டுடுங்க.

ஏரிக்காத்து ஆள தூக்கும், ஜாக்கெட் கண்டிப்பா. புளிசாதம் நான் கொண்டுவரேன், சிப்ஸ் யாரு?