மார்த்தாவின் புகழும் பிரேசிலின் கடமையும்: பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கூட்டமைப்புப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2027ஆம் ஆண்டின் மகளிர் உலகக் கோப்பை தென் அமெரிக்காவில் முதன்முறையாக உங்கள் நாட்டில் நடைபெறவிருக்கும் வேளையில், கால்பந்து வீராங்கனை மார்த்தாவின் பெயரைப் பெருமிதத்தோடு சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்தப் பெருமிதத்தோடு வரும் கடமையை நினைவூட்டவே இம்மடலை எழுதுகிறேன்.

1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடுவதை உங்கள் நாட்டுச் சட்டமே தடுத்திருந்தது. தடை நீங்கிய ஏழாம் ஆண்டில், அலகோவாஸ் மாநிலத்தின் வறண்ட உட்பகுதியில் உள்ள தோயிஸ் ரியாஷோஸ் என்ற சிற்றூரில் பிறந்த மார்த்தா, பையன்களோடு ஆடிப் பழகி, 14 வயதில் பேருந்தேறி ரியோ டி ஜெனீரோவுக்கு வந்தார். 18 வயதில் சுவீடனின் உமியோ அணிக்குப் போனார். உலகின் சிறந்த வீராங்கனையாக ஆறு முறை தேர்வு பெற்றவர், உலகக் கோப்பைகளில் 17 கோல்கள் அடித்தவர், தொழில்முறை ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தாய்நாட்டுக்கு வெளியே கழிக்க நேர்ந்ததை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

மக்கள் அவரைக் கைவிட்டதே இல்லை. 2007 ஜூலையில், அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் மோதும் பான் அமெரிக்கப் போட்டியின் இறுதியாட்டத்தில் அமெரிக்க அணியை 5-0 என்று பிரேசில் மகளிர் அணி வென்றபோது, ரியோவின் மரக்கானா மைதானத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தார்கள். அதே ஆண்டு உலகக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற அந்தப் பெண்கள், பரிசளிப்பு மேடையிலேயே ஆதரவு கேட்டு ஒரு பதாகையை உயர்த்திப் பிடித்தார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர் அணி முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோலும் அடிக்க முடியாமல் தடுமாறிய நாள்களில், ஒரு சிறுவன் தன் சட்டையில் இருந்த ஆடவர் அணி நட்சத்திரம் நெய்மாரின் பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டு அதன் கீழே மார்த்தாவின் பெயரைக் கையால் எழுதிக்கொண்டான். எந்த விளம்பர நிறுவனமும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பிள்ளை செய்த மரியாதையை எந்த விருதுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

இத்தனை அன்பும் அணிகளைக் காப்பாற்றவில்லை. 2009இல் மார்த்தாவோடு, தென் அமெரிக்கக் கழகங்களுக்கான லிபர்தடோரஸ் கோப்பையை வென்ற சாண்டோஸ் கழகத்தின் மகளிர் அணி, செலவைக் காரணம் காட்டி 2012இல் கலைக்கப்பட்டது. மீண்டும் தொடங்க மூன்று ஆண்டுகள் ஆயின. தேசிய அணிகளில் ஆடவருக்கும் மகளிருக்கும் சம ஊதியம் என்று 2020இல் நீங்கள் அறிவித்ததை மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் தேசிய அணியை எட்டுவதற்கு முன் ஒரு சிறுமிக்குத் தன் ஊரிலேயே ஓர் அணியும் பயிற்சியாளரும் வேண்டும். தென் அமெரிக்க நாடுகளுக்கான 2025 மகளிர் கோபா அமெரிக்கா இறுதியாட்டத்தில், 39 வயதில், ஆட்டம் முடியும் தறுவாயில் சமன்செய்யும் கோலை அடிக்க மார்த்தாவே வரவேண்டியிருந்தது.

ஆகவே, உலகக் கோப்பையால் வரும் வருமானத்தில் ஒரு பங்கை வடகிழக்கு மாநிலங்களின் உட்பகுதி ஊர்களில் சிறுமியர் அணிகளுக்கென்று ஒதுக்கி, அந்தத் தொகையையும் ஊர்ப் பட்டியலையும் வெளிப்படையாக அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். போட்டி நடக்கும் எட்டு நகரங்களில் அலகோவாஸ் மாநிலத்து நகரம் ஒன்றுகூட இல்லை. தோயிஸ் ரியாஷோஸ் சிறுமிகள் பக்கத்து மாநிலத்து ரெசிஃபேவுக்குச் சென்று ஓர் ஆட்டத்தையேனும் நேரில் காண, பேருந்துக்கும் நுழைவுச்சீட்டுக்கும் நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மகளிர் கால்பந்தை நெடுநாளாகப் பின்தொடரும் ஒரு ரசிகை