அப்பாவுக்கு, விபூதிப் படம் பற்றி

டோர்ட்மண்ட், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைப் போனில் சொல்ல முடியாது. பக்கத்தில் அம்மா இருப்பாள், நடுவில் நெட் போய்விடும், நீங்களும் பாதியில் "சரி சரி, உடம்பைப் பார்த்துக்கோ" என்று முடித்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே ஹாம் என்கிற ஊரில் உள்ள நம் தமிழர் கோயிலில் நெற்றி நிறைய விபூதியோடு நான் நின்ற படத்தை அம்மா குடும்ப வாட்ஸப்பில் போட்டாள், பெரியப்பாவும் சித்திகளும் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள், நீங்கள் மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள். அப்புறம் ஒருநாள் மெதுவாகக் கேட்டீர்கள்: "என்னம்மா, அங்கே போய்ப் பக்தி வந்துடுச்சா?"

வரவில்லை அப்பா. ஆனால் கோயிலுக்குப் போனேன், இனியும் போவேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான், கேள்வி கேட்கச் சொல்லித்தானே வளர்த்தீர்கள்.

இங்கே வந்து இறங்கியதும் முதல் வேலை நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவது. அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதத்தையும் இனத்தையும் எழுதிவைத்து நாஜிகள் என்ன செய்தார்கள் என்று உலகத்துக்கே தெரியும், அந்த நாட்டில் இன்னமும் இதைக் கேட்கிறார்களே என்று நினைத்தேன். விஷயம் வேறு. வரி! கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ பதிந்தால் சம்பளத்திலிருந்தே சர்ச்சுக்கு வரி பிடிப்பார்கள். விருப்பப்பட்டு உண்டியலில் போடுகிற கதை இல்லை, அரசாங்கத்தின் வரித்துறையே வசூல் செய்து, அதற்கு ஒரு சின்னக் கூலியும் எடுத்துக்கொண்டு, சர்ச்சிடம் கொடுக்கும். நான் இருக்கிற மாநிலத்தில் வருமான வரியில் 9 சதவீதம், பவேரியாவில் 8. மாதம் 500 யூரோ வருமான வரி கட்டுகிறவர் அதற்கு மேல் 45 யூரோ சர்ச்சுக்குக் கட்டுகிறார். 1919-இல், ஹிட்லருக்கு முந்தைய வைமார் குடியரசின் அரசியல் சட்டத்தில் எழுதியதை 1949-இல் புது அரசியல் சட்டத்துக்குள் அப்படியே தூக்கி வைத்துக்கொண்டார்கள். யாரையும் மத நம்பிக்கையை வெளியே சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அங்கேயே இருக்கிறது, உரிமையோ கடமையோ அதைப் பொறுத்து இருந்தால் மட்டும் அரசு கேட்கலாமாம். வரி கட்டுவது கடமை ஆயிற்றே, கேட்கிறார்கள்.

நான் "ஒன்றுமில்லை" என்றேன். அந்த அம்மாள் தலை நிமிராமல் தட்டிக்கொண்டார். சம்பளச் சீட்டு வந்தபோது அந்த இடத்தில் இரண்டு சிறு கோடுகள் இருந்தன, அவ்வளவுதான். அம்மா வந்து "இந்து" என்று அடித்துச் சொன்னாலும் அவளுக்கும் அதே இரண்டு கோடுதான், ஏனென்றால் இந்துக்களுக்காக யாரும் இங்கே வரி வசூலிப்பதில்லை. இத்தனை வருஷமாக வீட்டில் நீங்களும் அம்மாவும் போட்ட சண்டையை ஒரு சம்பளக் கணினி இப்படித் தீர்த்துவைத்துவிட்டது.

வார்டில் என்கூட வேலை செய்கிற ஒரு ஜெர்மன் தோழியிடம் உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன், என் அப்பா நாத்திகர், கறுப்புச் சட்டைக்காரர் என்று. "ஓ, என் அப்பாவும்தான்" என்றாள், காபியை ஊதிக் குடித்துக்கொண்டே. அதோடு பேச்சு முடிந்துவிட்டது. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பிறகு யோசித்தேன், அவள் அப்பாவும் நீங்களும் ஒன்று இல்லை. அவர் சர்ச்சுக்குப் போவதில்லை, கடவுளைப் பற்றி நினைப்பதில்லை, சண்டையும் இல்லை. இங்கே கடவுள் இல்லை என்று யாரும் மேடை போட்டுச் சொல்வதில்லை, சும்மா இருந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படியா? உங்களுக்குக் கடவுள் மேல் இருந்த கோபம் எல்லாம் கடவுள் பெயரைச் சொல்லி வாசலில் நிறுத்திய மனிதர்கள் மேல் உள்ள கோபம். தாத்தா எந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார் என்பதிலிருந்து ஆரம்பித்த கோபம். அதை இவர்களுக்கு ஜெர்மனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாஷை தெரிந்தும்தான்.

இவர்கள் சர்ச்சை விட்டு விலகுகிற காரணமும் வேறு. பாதிரிமார்கள் குழந்தைகளிடம் நடந்துகொண்ட விதம், அதை மேலிடம் மூடி மறைத்தது, அப்புறம் இந்த வரி. 2022-இல் மட்டும் கத்தோலிக்கச் சர்ச்சை விட்டு 5 லட்சத்துக்கு மேல் விலகினார்கள், இரண்டு பெரிய சர்ச்சுகளிலும் இருக்கிறவர்கள் சேர்ந்தும் இப்போது நாட்டில் பாதிக்கும் கீழேதான். விலகுவதற்குப் பாதிரியாரிடம் போகவேண்டாம். இந்த மாநிலத்தில் கோர்ட்டுக்குப் போய் 30 யூரோ கட்டிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்தத் தோழியும் விலகிவிட்டாள், அவளுடைய அம்மா அவளோடு சரியாகப் பேசுவதில்லை, "செத்தால் உன்னை யார் வந்து அடக்கம் பண்ணுவார்கள்" என்பதுதான் அந்த அம்மாவின் கவலை. நம் வீட்டில் கேட்ட வசனம் மாதிரியே இல்லை?

ஆனால் அவள் விலகியதை ஆஸ்பத்திரியில் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, காரணம் நான் வேலை பார்க்கிற இடமே கத்தோலிக்கச் சர்ச்சோடு சேர்ந்தது. ஒவ்வொரு அறையிலும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு மரச் சிலுவை. உங்களிடம் இதை இதுவரை சொல்லவில்லை. இங்கே ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், குழந்தைகள் பள்ளி என்று எங்கே தொட்டாலும் சர்ச்சுதான் முதலாளி, கத்தோலிக்கர்களின் காரிதாஸ் தொண்டு அமைப்பில் மட்டும் கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். அதற்கென்று தனித் தொழிலாளர் விதிகள். டியூசல்டார்ஃபில் ஒரு தலைமை டாக்டர் விவாகரத்து செய்து மறுமணம் பண்ணிக்கொண்டதற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டு, வருஷக்கணக்காக வழக்கு நடந்து, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2019-இல்தான் அவர் பக்கம் முடிவானது. 2022 கடைசியில் ஆயர்கள் விதியைத் தளர்த்தினார்கள், யாரோடு வாழ்கிறாய் என்று இனி கேட்க மாட்டார்கள். சர்ச்சை விட்டு விலகுவது மட்டும் இன்னமும் சிக்கல்தான். வேடிக்கை என்னவென்றால் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. பிறந்ததிலிருந்து உள்ளே இருந்தவள் வெளியே போனால் குற்றம், உள்ளேயே வராதவள் சிலுவைக்குக் கீழே நின்று டிரிப் மாற்றலாம்.

இதையெல்லாம் படித்து "பார்த்தாயா, எல்லா மதமும் இப்படித்தான்" என்று நீங்கள் மேஜையைத் தட்டுவது கேட்கிறது. கொஞ்சம் இருங்கள். பள்ளிக்கூடச் சான்றிதழில் சாதி மதம் எழுதாமல் விடலாம் என்று 1973-லேயே நம் ஊரில் அரசாணை இருக்கிறது, உங்களுக்கு அது மனப்பாடம். 2019-இல் திருப்பத்தூர் வக்கீல் சிநேகா சாதியும் மதமும் இல்லை என்று சான்றிதழே வாங்கியபோது நீங்கள் அந்தப் பேப்பரைக் கத்தரித்து வைத்தீர்கள். ஆனால் என் சான்றிதழில் "இந்து" என்றுதான் எழுதினீர்கள். நான் குறை சொல்லவில்லை, அந்த ஒரு சொல்லும் அதற்குப் பக்கத்தில் உள்ள சாதியும் இல்லாவிட்டால் நர்சிங் சீட்டு கிடைத்திருக்காது. எதிர் வீட்டு மாமா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், காகிதத்தில் இந்து ஆதிதிராவிடர், ஏனென்றால் 1950 உத்தரவுப்படி கிறிஸ்தவர் என்று எழுதினால் பட்டியல் சாதி உரிமை போய்விடும். சீக்கியரை 1956-லும் பௌத்தரை 1990-லும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் இன்னும் சேர்க்கவில்லை. ஆக அங்கேயும் காகிதத்தில் எழுதுகிற மதம் பிழைப்புக் கணக்குதான், மனசுக்குள் இருப்பது வேறு. எனக்கு அது வீட்டிலேயே தெரிந்த விஷயம், அதனால்தான் என் நெற்றியில் பூசியதை வைத்து மட்டும் உள்ளே இருப்பதை முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

சரி, ஹாமுக்கு வருகிறேன். டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான். அப்புறம் பஸ் ஏறிப் போனால் தொழிற்பேட்டை, கிடங்குகள், லாரிகள், அதற்கு நடுவில் நம் ஊர்க் கோபுரம்! ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில், 2002-இல் கும்பாபிஷேகம் ஆனது. கட்டியவர்கள் ஈழத்துத் தமிழர்கள், போருக்குத் தப்பி எண்பதுகளில் வந்தவர்கள். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து வருகிறார்கள், தீர்த்தமாடுவது பக்கத்தில் ஓடுகிற கப்பல் கால்வாயில். ஜெர்மன் போலீஸ் சாலையை மறித்து நிற்க, காவடிக்காரர்கள் முதுகில் செடிலோடு ஆட, அந்த ஊர்க்காரர்கள் ஓரமாகக் கைக்குழந்தையோடு வேடிக்கை பார்க்கிறார்கள். சிதறுகாய் உடைத்து உடைத்துத் தார் ரோடு முழுக்கத் தேங்காய்த் தண்ணீர், கால் வழுக்குகிறது, அந்த வாசனையோடு கற்பூரமும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சாமியைப் பார்த்து இல்லை அப்பா. மாதக்கணக்காக "ஃபிராவ்" (நம் "மேடம்" மாதிரி) என்று கூப்பிடப்பட்டவளை யாரோ ஒரு அம்மா "தள்ளி நில் பிள்ளை, தேர் வருது" என்று இழுத்துவிட்டார், அதற்காக.

என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் நீங்கள் நாத்திகர் என்று சொன்னேன். சிரித்தார். "ஊரில இருக்கேக்க நானும் கோயில் பக்கம் போறேல்லை, மார்க்ஸ்தான் படிச்சனான். இஞ்ச வந்து அகதி முகாமில இருக்கேக்க ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. பிறகுதான் கோயில் தேவைப்பட்டது" என்றார். நம்பிக்கை வந்ததா என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, மோர் வாங்கிக் கொடுத்தார்.

அங்கே நிற்கும்போதும் உங்கள் மகளாகத்தான் நின்றேன், அதைச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் அம்பாளைப் பார்க்க, நான் கருவறைக்குள் யார் போகிறார், யார் எந்த இடத்தோடு நிற்கிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கோயில்களில் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக 2021-இல் பணி ஆணை கொடுத்த அன்று டிவிக்கு முன்னால் நீங்கள் உட்காராமல் நின்றே பார்த்தது ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு நான் என்ன தேடுகிறேன் என்று தெரியவில்லை.

அந்தப் பெரியவர் ஆகஸ்டில் கெவலாருக்கும் வரச் சொல்லியிருக்கிறார். நெதர்லாந்து எல்லைப் பக்கம் உள்ள மாதா கோயில், 1642-இலிருந்து யாத்திரை நடக்கிறது, அங்கே கும்பிடுவது உள்ளங்கை அளவு ஒரு காகிதப் படம்தான். வருஷத்தில் ஒருநாள் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கூடுகிறார்கள், பாதிப் பேர் இந்துக்கள் போல என்கிறார், இலங்கையில் மடு மாதா கோயிலுக்குப் போன பழக்கமாம். வேளாங்கண்ணிக்கு மொட்டை போடப் போகிற நம் தெருவை நினைத்துக்கொண்டேன். ஜெர்மன் சம்பளச் சீட்டில் இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது?

நானும் போகப் போகிறேன், படமும் போடுவேன், மெழுகுவர்த்தி கையில் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அம்மா பச்சைப்பட்டினி விரதத்தில் மாத்திரையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரதம் இருப்பது சமயபுரத்து அம்மன், அம்மாவுக்குச் சர்க்கரை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தீர்களா? அடுத்த தேருக்கு இரண்டு பேரும் வந்தால் நன்றாக இருக்கும். சமயபுரத்தில் அம்மா வெளியே வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பீர்களே, ஹாமில் தேருக்குப் பக்கத்திலேயே கடை வரிசை இருக்கிறது, கொத்துரொட்டி, வடை எல்லாம் கிடைக்கும், அங்கே உட்காரலாம். மார்க்ஸ் படித்த பெரியவரையும் அறிமுகப்படுத்துகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்